முப்பது மீட்டர் குறைவு

கஃபர் நுவார், கல்கிலியா அருகில்
9 ஜூலை 2018

அன்புள்ள நுஹா அத்தைக்கு,

உங்கள் மேல் சாந்தி உண்டாவதாக. மிச்சம் இருந்தால் எங்கள் பக்கமும் கொஞ்சம் அனுப்புங்கள். நான் லுஜைன், உங்கள் அண்ணன் அத்னானின் கடைசிப் பெண். மூன்று வருடத்துக்கு முன் இர்பித் கல்யாணத்தில் உங்கள் செருப்புக்குள் ஐஸ்கட்டி போட்டவள். உங்கள் மூட்டுவலி தேவலையா? கமால் மாமா சுகமா? இங்கே அம்மா நலம். அப்பா நலம், அவருடைய கோபம் அதைவிட நலம்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் யார் போன் அடித்தாலும் எல்லோருக்கும் காது நீளும். தாத்தா மவுத்தான பிறகு நீங்கள் ஷரியத் கோர்ட்டில் உங்கள் பங்கைக் கேட்டு வாங்கினீர்களே, அன்றிலிருந்து இங்கே உங்களுக்குப் பெயர் கிடையாது. “இர்பித்காரி” என்கிறார் அப்பா. அதனால்தான் எல்லைப் பாலம் வரை டாக்ஸி ஓட்டும் ஷௌகி மாமாவிடம் கொடுக்கிறேன். அந்தப் பக்கம் ஓட்டும் அவர் தம்பி உங்களிடம் சேர்ப்பார். கூலியாக ஷௌகி மாமாவின் மகளுக்கு நான் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுத் தருகிறேன். பாவம், ஃபெயில் ஆகப்போகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ராணுவம் கட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் சிக்கிய நம் கொய்யாத் தோப்புக்குப் போக தாத்தா பேரில்தான் அனுமதிச் சீட்டு இருந்தது. அவர் பிள்ளைகள் என்று அப்பாவுக்கும் ஹுசாம் சித்தப்பாவுக்கும் சீட்டு கிடைத்தது. அவர் போனதும் எல்லாம் போயிற்று. புதுச் சீட்டு கேட்டு ஆபீசுக்குப் போனோம். பெண்பிள்ளை கூட இருந்தால் கத்தமாட்டார்கள் என்று அப்பா என்னையும் கூட்டிப் போனார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ராணுவக்காரி. என்னைவிட மூன்று வயது மூத்திருப்பாள். வாயில் சூயிங்கம். அரபி சுத்தமாகப் பேசினாள்.

“தோப்பு எவ்வளவு?”

“தொள்ளாயிரம் சதுர மீட்டர்.”

“வாரிசு?”

“மூணு பேர்.”

“அப்ப உன் பங்கு முந்நூறு. ஒரு ஆளுக்கு முந்நூத்தி முப்பதுக்குக் கீழ இருந்தா சீட்டு கிடையாது.”

“ஏம்மா?”

“முந்நூறு மீட்டர்ல நீ என்ன விவசாயம் பண்ணப் போற?”

அப்பாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அவளிடம் “நன்றி” என்று சொன்னார், அத்தை. சாப்பாட்டில் முடி வந்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளுமே, அந்த நன்றி எனக்கு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னது அவர், குமட்டல் எனக்கு.

திரும்பும்போது டாக்ஸியில் சொன்னார்: “ரெண்டு பேரா இருந்திருந்தா ஆளுக்கு நானூத்தி அம்பது. மூணு பேராயிட்டோம்.” நான் செய்தி வாசிப்பவள் மட்டும். வாசித்துவிட்டேன்.

உங்கள் கையை முத்தமிடும்,
லுஜைன்

*

இர்பித்
24 ஜூலை 2018

என் கண்ணே லுஜைன்,

உன் மேலும் சாந்தி. ஐஸ்கட்டிக்காரியை மறப்பேனா? அன்று முழுக்க ஈரக்காலோடு மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்தேன். மூட்டுவலி இருக்கிறது, போகும்போது சொல்லிக்கொண்டு போகும். உன் மாமா நலம், உன்னைக் கேட்டார்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். மூன்றாம் தடவை சிரிப்பு வரவில்லை. உன் அம்மாவிடம் வெயிலில் துணி உலர்த்தும்போது தலையில் ஈரத்துணி போட்டுக்கொள்ளச் சொல். நீ பரீட்சைக்குப் படி. அடுத்தவள் வீட்டுப்பாடத்தில் கைவைக்காதே.

தோப்பில் தண்ணீர்க் குழாய் பக்கம் ஒரு மரத்துக் கொய்யா உள்ளே சிவப்பாக இருக்குமே, அது இன்னும் காய்க்கிறதா?

அன்புடன்,
நுஹா அத்தை

*

கஃபர் நுவார்
11 ஆகஸ்ட் 2018

அன்புள்ள அத்தைக்கு,

ஸலாம். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உங்களுக்கும் மாமாவுக்கும் சுகம் கேட்டு முடிந்தது.

சிவப்புக் கொய்யா காய்க்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? மொட்டை மாடியில் ஏறினால் மதிலுக்கும் கம்பி வேலிக்கும் அப்பால் மரங்களின் தலை மட்டும் தெரியும். மதிலில் ஒரு வழி உண்டு, கேட்டால் திறப்பதால்தான் அதற்குக் கேட் என்று பெயர் என நினைத்திருந்தேன். எத்தனை தரம் கேட்டாலும் இந்தக் கேட் திறக்கவில்லை. ஒலிவ மரம் என்றால் அறுவடைக்கு நாலு நாள் திறந்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்கிறார்கள். கொய்யாவுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் வேண்டும், பழுத்தால் அன்றன்றைக்குப் பறிக்க வேண்டும். பெயரே கொய்யா என்பதால் கொய்யாமல் விட்டால் போதும் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

நேற்று சமையலறையில் சாக்பீஸால் கோடு போட்டேன். சமையலறை, குளியலறை, நடை மூன்றும் சேர்ந்து சரியாக முப்பது சதுர மீட்டர். “அப்பா, குறையுற முப்பது மீட்டர் கிடைச்சிருச்சு, குளியலறையோட சேர்த்து தோப்புல நட்டுடலாம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஹுசாம் சித்தப்பா சிரித்தார். உடனே அப்பா அவரை முறைத்தார்.

சித்தப்பா கதை தெரியுமா? தோப்புக்குப் பக்கத்தில் மதிலைக் கட்டியவர்களின் குடியேற்றத்தில், அவர்கள் பசுமைக்குடிலில் குடைமிளகாய் பறிக்கப் போகிறார். அதற்கு அவருக்குச் சீட்டு உண்டு. ராணுவ வேன் ஏற்றிப்போய், ராணுவ வேன் இறக்கிவிடும். அதாவது மதிலைத் தாண்டி அவர்கள் மிளகாயைப் பறிக்கலாம், பக்கத்தில் இருக்கும் சொந்தக் கொய்யாவைத் தொடக்கூடாது. “காத்தடிச்சா நம்ம மரம் வாசனை வருது லுஜு” என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

இனி கஷ்டமான இடம். இது தாத்தாவின் மற்ற நிலம் மாதிரி இல்லை, துருக்கிக்காரன் காலத்து வகை நிலம், இதில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று கோர்ட்டில் சொன்னார்களாமே. அப்பாவுக்கு அதுதான் ஆறவில்லை. மூன்று வருடம் யாரும் கைவைக்காமல் கிடந்தால் தரிசு என்று எழுதி அரசாங்க நிலமாக ஆக்கிக்கொள்ளலாமாம். முதல் வருடம் ஓடுகிறது. நீங்கள் ஒரு கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தால் இரண்டு பேருக்கும் சீட்டு கிடைக்கும். நேற்று அப்பா சொன்னது: “வரவும் முடியாது, பார்க்கவும் முடியாது. முந்நூறு மீட்டர வச்சு அவ என்ன பண்ணப் போறா?”

அத்தை, கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. கேட்டுவிட்டேன். போடுவீர்களா?

லுஜைன்

*

இர்பித்
2 செப்டம்பர் 2018

கண்ணே லுஜைன்,

உனக்கும் உன் வீட்டாருக்கும் சுகம் வேண்டுகிறேன். நான் நலம். இங்கே தூசிக் காற்று. ஜன்னலைச் சாத்தினால் வேகிறது, திறந்தால் வாயெல்லாம் மண்.

சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டாயா? உன் அம்மா வழுக்கி விழுந்தால் உனக்கு அடி. கொய்யா ஜாம் கிண்டும்போது விதையை வடிகட்டாமல் போட்டால் கசக்கும் என்று அவளிடம் சொல். நான் எத்தனையோ தடவை சொன்னேன், கேட்டதே இல்லை.

ஒன்று மட்டும் சொல். கடைசியில் கேட்டாயே ஒரு கேள்வி, அதை எழுதச் சொன்னது உன் அப்பாவா, நீயேவா?

அன்புடன்,
அத்தை

*

கஃபர் நுவார்
14 செப்டம்பர் 2018

மதிப்பிற்குரிய சகோதரி நுஹா அவர்களுக்கு,

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் பெயரால். தங்கள் மீதும் தங்கள் கணவர் சகோதரர் கமால் மீதும் சாந்தி உண்டாவதாக. தங்கள் தேக ஆரோக்கியத்தை அறிய ஆவல்.

என் மகள் தங்களுக்குக் கடிதம் எழுதுவது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் எழுதச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

தகப்பனார் நட்ட மரங்கள் தண்ணீரின்றிக் காய்கின்றன. சகோதரிகள் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பது நம் குடும்பத்தில் புதிதல்ல. நம் அத்தைமார் விட்டுக்கொடுத்தார்கள். யாரும் குறைந்துபோய்விடவில்லை. பெருநாளுக்கு அவர்களைப் பார்க்க நாம் போனோம், கறி கொண்டுபோனோம். கையெழுத்து இட்டால் தங்களுக்கும் அந்த மரியாதை என்றும் உண்டு. அறுவடை நெருங்குகிறது.

சகோதரன்,
அத்னான்

*

கஃபர் நுவார்
20 அக்டோபர் 2018

அன்புள்ள அத்தைக்கு,

ஸலாம். அப்பாவின் கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. நானும் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதவில்லை. ‘போடுவீர்களா’ என்று எழுதச் சொன்னது அப்பாவா என்று கேட்டீர்கள். இல்லை, நானேதான் எழுதினேன். அவர் சொல்லித்தந்த பாடத்தைத்தான் நானே ஒப்பித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பழம் பழுத்துவிட்டது. முதல் வாரம் காற்றில் அவ்வளவு வாசனை, ஊரே மாடியில் நின்றது. இரண்டாம் வாரம் இனிப்பு புளித்தது. இப்போது நாற்றம். சாராயம் மாதிரி, செத்த எலி மாதிரி, அதன்மேல் யாரோ ரோஜாத்தண்ணீர் தெளித்த மாதிரி. ஜன்னலை மூடிக்கொண்டு சாப்பிடுகிறோம். குளவி சோற்றில் உட்காருகிறது. அப்பா மட்டும் மாடியில் நிற்கிறார். “போதும் வாங்க” என்று அம்மா கூப்பிட்டால், “என்னோடது நாறுது, நான் மோந்து பார்க்கக்கூடாதா?” என்கிறார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் நான் வாயைத் திறந்தேன். உங்களுக்குத்தான் தெரியுமே, திறந்தால் மூடாத வாய்.

“அப்பா, ஒரு சந்தேகம். கணக்கு சந்தேகம். அத்தை கையெழுத்துப் போட்டா ரெண்டு பேருக்கும் சீட்டு. சரி. சித்தப்பா உங்களுக்குப் போட்டா உங்களுக்கு அறுநூறு. நீங்க சித்தப்பாவுக்குப் போட்டா அவருக்கு அறுநூறு. அப்பவும் ஒருத்தர் போய்ப் பறிக்கலாமே? ஏன் யாரும் அதைச் சொல்லல?”

சித்தப்பா கையில் ரொட்டி, வாயில் போகவில்லை.

“நான் எதுக்கு எழுதித் தரணும்?” என்றார் அப்பா. “நான் மூத்தவன்.”

“நான் எதுக்கு?” என்றார் சித்தப்பா. “எனக்கு மூணு பசங்க.”

“அத்தை எதுக்கு?” என்றேன் நான்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள், நீலம் பூத்திருக்கிறது. நான்கு மாதமாக இந்த வீட்டில் கணக்குப் போடுகிறார்கள், அத்தை. கழிக்க வேண்டிய ஆள் நீங்கள்தான் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் அப்பாவிடம் கேட்டதும் அப்பா உங்களைப் பற்றிக் கேட்டதும் ஒரே கேள்வி, ஒரே முந்நூறு. அவள் வாயில் சூயிங்கம் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. ஷௌகி மாமாவின் தம்பி சொன்னாராம், ஆரம்பம் முதலே உங்கள் கடிதத்தைப் பழைய வீட்டில் கொடுப்பதில்லை, ஒரு சலவைக் கடை மாடியில் கொடுக்கிறேன் என்று. உங்கள் இரண்டாம் கடிதத்தில் கமால் மாமா இல்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. மாமா சுகமா என்று இனி கேட்கட்டுமா, வேண்டாமா?

லுஜைன்

*

இர்பித்
1 நவம்பர் 2018

கண்ணே,

நான் நலம். இது பழக்கத்துக்கு எழுதியது இல்லை, நிஜமாகவே நலம்.

மாமா சுகமாகத்தான் இருப்பார். கேட்க வேண்டாம்.

தாத்தா மவுத்தாவதற்கு ஒரு மாதம் முன்பே நான் மாமாவை விட்டு இங்கே வந்துவிட்டேன். உன் அப்பாவிடம் சொன்னால் “திரும்பிப் போ” என்பார், அதனால் சொல்லவில்லை. கோர்ட் முடிந்த பிறகு, வாடகையைப் புதுப்பிக்கும்முன் இந்த மாடி அறைக்காரி கேட்டாள், “உனக்குன்னு என்ன இருக்கு?” என்று. வாய் தானாகச் சொன்னது: “கல்கிலியா பக்கம் கொய்யாத் தோப்பு இருக்கு, முந்நூறு மீட்டர்.” “போய் இருக்கலாமே அங்க” என்றாள். சிரித்து வைத்தேன்.

அந்தத் தோப்பை நான் பார்க்க முடியாது, லுஜைன். பறிக்க முடியாது. இந்தக் கையால் இனி ஒரு பழம் தொடுவேனா தெரியாது. ஆனாலும் என்னிடம் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது.

உன் தொடைக்கு ஒலிவ எண்ணெய் தடவு.

அத்தை

*

கஃபர் நுவார்
21 நவம்பர் 2018

அன்புள்ள அத்தைக்கு,

ஸலாம். உங்கள் அறை குளிருகிறதா? கம்பளி இருக்கிறதா? இந்த இரண்டையும் நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. “அத்தை முடியாதுன்னு எழுதிட்டாங்க, இனி எழுத வேண்டாம்னாங்க” என்று மட்டும் சொன்னேன். பொய்தான், முதல் தரமான பொய். என் சேட்டையிலேயே சிரிப்பு வராத சேட்டை இது ஒன்றுதான்.

வழி அடைபட்டதும் அண்ணன் தம்பி இருவரும் பத்து நாள் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் சித்தப்பா இறங்கினார். அவருக்கு எப்படியும் மிளகாய்ச் சீட்டு இருக்கிறதே. பாதிப் பழம் உனக்கு, வருஷா வருஷம், அல்லாஹ் சாட்சி என்று அப்பா அவர் தோளில் கைவைத்துச் சொன்னார். எழுதவில்லை, சொன்னார். சித்தப்பா கையெழுத்துப் போட்டார். அறுநூறு மீட்டர்க்காரர் என்று ஆபீஸ் அப்பாவுக்குச் சீட்டு கொடுத்தது. அவருக்கு மட்டும்.

முதல் நாள் போய்விட்டு வந்தார். வாசலிலேயே நிறுத்தி அம்மா சட்டையைக் கழற்றச் சொன்னாள். தரை முழுக்கக் கூழாம், கால் கணுவரை இறங்குகிறதாம். மரத்தில் தொங்கியது தோல் மட்டும், உள்ளே புழு. எட்டு மரம் காய்ந்தே போயிற்று. காட்டுப்பன்றி வந்து புரண்டிருக்கிறது. பசுமைக்குடில்காரன் ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலியருகே வந்து, “உங்க ஆளுங்க சுத்தமா வச்சுக்க மாட்டாங்களா? நாத்தம் தாங்கல” என்றானாம்.

“நீங்க என்னப்பா சொன்னீங்க?”

“மன்னிச்சுக்கங்கன்னேன்.”

கொண்டுவந்த ஒரே ஒரு கூடைப் பழத்தை யாரும் தொடவில்லை. குளியலறையில் அப்பா வாந்தி எடுக்கும் சத்தம் நடைவரை கேட்டது.

லுஜைன்

*

இர்பித்
3 டிசம்பர் 2018

கண்ணே லுஜைன்,

நலம். கம்பளி இருக்கிறது.

எனக்காகப் பொய் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராத இடத்தில் நீ சொன்னாய். பல நாள் யோசித்தேன். என் பங்கை அவர்களுக்குக் கொடுக்க மனம் இல்லை. நான் வைத்துக்கொண்டும் பயன் இல்லை. அதனால் உன் பேருக்கு எழுதச் சொல்லி இங்கே பத்திரம் தயார் செய்துவிட்டேன், வேறு யார் பேரும் இல்லாமல், உன் பேர் மட்டும். சாட்சிக்கு ஷௌகியின் தம்பி வருவான். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உன் பதிலைப் பார்த்துப் போடுகிறேன்.

உனக்கு என்று ஒன்று இருக்கட்டும்.

அத்தை

*

கஃபர் நுவார்
19 டிசம்பர் 2018

அன்புள்ள அத்தைக்கு,

ஸலாம். நலம் விசாரிக்க இன்று பொறுமை இல்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் படித்ததும் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நிஜம். முந்நூறு மீட்டர், லுஜைன் அத்னான் என்று நோட்டு அட்டையில் எழுதிப் பார்த்தேன். எந்த மரமெல்லாம் என்னுடையது என்று மாடியில் நின்று பிரித்தேன். சித்தப்பா பக்கத்தில் இருந்த மரங்களைக் கண்ணாலேயே கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சித்தப்பா வந்தார். கிளை வெட்டிக் கவாத்து பண்ண ஆள் வேண்டும், தன் பேரையும் கூட்டாளி என்று ஆபீஸில் சொல்லிச் சேர்க்கலாமா, வரும் வருஷம் பாதிப்பாதி பறிக்கலாமா என்று கேட்டார். அப்பா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

“பேப்பர்ல உன் பேரு எங்கடா இருக்கு?”

கோபமாகச் சொல்லவில்லை, அத்தை. அந்த ஆபீஸ்காரி மாதிரியே, ஒன்றும் இல்லாத முகத்தோடு சொன்னார். “அல்லாஹ் சாட்சின்னு சொன்னீங்களே அண்ணே” என்றார் சித்தப்பா. “அவன் பேரு பேப்பர்ல இருக்கா?” என்றார் அப்பா. அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா தேநீர் குடிக்காமல் போனார். மறுநாள் காலை வேனில் ஏறி அவர்கள் மிளகாய் பறிக்கப் போனார்.

பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார். ஷௌகி மாமா உளறியிருக்க வேண்டும், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக உங்கள் பெயரைச் சொன்னார். அவ்வளவு பிரியமாக.

“நுஹா அத்தைக்கு எழுதும்மா. நல்ல யோசனைதான்னு எழுது. உன் பேர்லயே வாங்கிக்கோ. உனக்குப் பதினெட்டு ஆகல, அதுவரைக்கும் நான் பார்த்துக்கறேன். உன்னோடது என்னோடது இல்லையா?”

என் தலையைத் தடவினார். அவர் கையில் இன்னும் அந்தப் புளித்த நாற்றம். தலை குளித்தேன். போகவில்லை.

மதிலைக் கட்டியவனுக்கும் சீட்டு கொடுக்காதவளுக்கும் இந்த வீட்டுக்குள் வர வேண்டிய வேலையே இல்லை. அவர்கள் போட்ட கணக்கை நாங்களே உட்கார்ந்து, சோறு தின்றுகொண்டே, ஒருத்தரை ஒருத்தர் கழித்துப் போட்டுத் தருகிறோம். உங்களைக் கழிக்கப் பார்த்தோம், சித்தப்பாவைக் கழித்தோம். பத்திரம் வந்தால் எனக்கும் கழிக்க வந்துவிடும். எச்சில் ஊறியதே, அதிலேயே தெரிந்துவிட்டது.

அந்த அறைக்காரி திரும்பக் கேட்டால், உனக்கு என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், முந்நூறு மீட்டர் என்று சொல்லுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவுக்கு வேண்டாம், சித்தப்பாவுக்கு வேண்டாம். எனக்கும்தான்.

உங்கள்,
லுஜைன்